எதிர்கொள்ளல் சிகிச்சை

எதிர்கொள்ளல் சிகிச்சை என்பது பதற்றக் கோளாறுகளுக்கு அளிக்கப்படும் உளச்சிகிச்சை முறைகளுள் ஒன்றாகும். ஒருவர் எதற்கு அஞ்சி விலகி வாழ்கிறாரோ, அந்தப் பொருளையோ இடத்தையோ எண்ணத்தையோ உடலுணர்வையோ, அவருடைய முழு இசைவுடன், திட்டமிட்ட முறையில் மீண்டும் மீண்டும் சந்திக்கச் செய்வதே இதன் அடிப்படையாகும். விலங்குகள், உயரம், ஊசி முதலியவற்றின் மீதான வெருளி, பீதிக் கோளாறு, சமூகப் பதற்றம், எண்ணச் சுழற்சி நோய், பேரிடர்களுக்குப் பின் வரும் மனவடு நோய் ஆகியவற்றில் இது பயன்படுத்தப்படுகிறது. இறுதி இரண்டும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் பதற்றக் கோளாறுகளிலிருந்து தனியே பிரிக்கப்பட்டன. எனினும் அவற்றுக்கான சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை.

இச்சிகிச்சை இன்று பெரும்பாலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அளிக்கப்படுகிறது. அச்சத்தை முற்றாக நீக்கிவிடுவது இதன் நோக்கமன்று. அச்சம் எழும்போதும் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும் என்பதையும், அஞ்சிய கேடு பெரும்பாலும் நேர்வதில்லை என்பதையும் ஒருவர் தம் அனுபவத்தாலேயே அறியச் செய்வதே நோக்கமாகும்.

சொற்பயன்பாடு

தமிழகத்தில் பதற்றம், பதட்டம், மனப்பதற்றம் ஆகிய சொற்களும், இலங்கையில் பதகளிப்பு என்ற சொல்லும் வழங்குகின்றன. இக்கட்டுரையில் பதற்றம் என்ற சொல் கையாளப்படுகிறது. அச்சம் என்பது கண்முன் உள்ள ஆபத்துக்கு எழுவது. பதற்றம் என்பது இனி வரக்கூடும் என்று எண்ணும் ஆபத்துக்கு எழுவது. வழக்கில் இவ்விரண்டும் கலந்தே வரும். தேர்வுக்கு முன் வரும் பதற்றம் நோயன்று. பல மாதங்கள் நீடித்து, படிப்பையும் தொழிலையும் உறவுகளையும் முடக்கும்போதுதான் அது கோளாறு எனப்படுகிறது.

பதற்றம் நிலைபெறும் விதம்

ஆபத்தை உணர்ந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைவாகத் துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகும் நிலை இது. இந்த எதிர்வினை இயல்பானது. பாம்பைக் கண்டு ஒதுங்கச் செய்வதும் இதுவே.

இயல்பான இந்த எதிர்வினை ஆபத்தில்லாத இடத்தில் எழுந்து, ஆண்டுக்கணக்கில் ஏன் தணியாமல் இருக்கிறது என்பதே உளவியலாளர்களின் கேள்வியாக இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஓர்வால் ஹோபார்ட் மௌரர் 1947 இல் இதற்கு இரு படிகள் கொண்ட விளக்கம் ஒன்றை அளித்தார். முதற்படியில், ஒரு கெட்ட அனுபவத்துடன் சேர்ந்து வந்த பொருளோ இடமோ அச்சத்தைத் தூண்டக் கற்றுக்கொள்கிறது. இது ஆக்கநிலையுறுத்தம் எனப்படும். இரண்டாம் படியில், அவ்விடத்தை விட்டு விலகியவுடன் கிடைக்கும் நிம்மதி, விலகும் பழக்கத்தை வலுப்படுத்துகிறது. விலகியவருக்கு அவ்விடம் உண்மையில் ஆபத்தற்றது என்று அறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை. எல்லா வெருளிகளும் ஒரு கெட்ட அனுபவத்தில் தொடங்குவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே முதற்படி இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. இரண்டாம் படியோ இன்றளவும் இச்சிகிச்சையின் மையக் கருத்தாக உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கல்லூரி மாணவி ஒருவருக்கு நெரிசலான பேருந்தில் திடீரெனப் படபடப்பும் மூச்சுத் திணறலும் வருகின்றன. மயங்கி விழுந்துவிடுவோம் என்று அஞ்சி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். சில நிமிடங்களில் படபடப்பு தணிகிறது. இறங்கியதால்தான் தப்பித்தோம் என்று மனம் பதிந்துகொள்கிறது. மறுநாள் பேருந்தைக் கண்டதுமே படபடப்பு வருகிறது. தானியுந்தில் செல்லத் தொடங்குகிறார். பிறகு திரையரங்கு, கோயில் திருவிழா, வங்கி வரிசை என ஒவ்வொன்றாக விடுகிறார். ஆறு மாதங்களில் துணையின்றி வெளியே செல்ல இயலாத நிலை வருகிறது. முதல் நாள் பேருந்தில் நிகழ்ந்ததைக் காட்டிலும், அதன் பின் நிகழ்ந்த விலகல்களே அவருடைய வாழ்வைச் சுருக்கின என்பதைக் கவனிக்க வேண்டும்.

விலகல் எப்போதும் வெளிப்படையாக இருப்பதில்லை. பேருந்தில் ஏறினாலும் கதவருகிலேயே நிற்பது, கையில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பது, தாயாருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டே செல்வது, பையில் மாத்திரை உள்ளதா என்று தொட்டுப் பார்ப்பது ஆகியனவும் விலகலின் நுண்ணிய வடிவங்களே. இவை காப்பு நடத்தைகள் எனப்படும். பிரித்தானிய உளவியலாளர் பால் சல்கோவ்ஸ்கிஸ் 1991 இல் இவற்றின் முக்கியத்துவத்தை விளக்கினார். பயணம் இடரின்றி முடிந்தாலும், போத்தல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்ற எண்ணம் மிஞ்சுகிறது. எத்தனை முறை சென்றாலும் அச்சம் குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நான் தினமும்தான் பேருந்தில் போகிறேன், எனக்கு ஏன் பழகவில்லை என்று கேட்போருக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

வரலாறு

அஞ்சுவதை அணுகியே அச்சத்தை வெல்லலாம் என்பது பழைய பட்டறிவு. செருமானியக் கவிஞர் கேத்தே 1770–71 காலப்பகுதியில் இசுட்ராசுபூர்க்கில் மாணவராக இருந்தபோது, உயரத்தின் மீது தமக்கிருந்த அச்சத்தைப் போக்க அந்நகரப் பேராலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியே பலமுறை ஏறியதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டும் 1919 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தெருவுக்குத் தனியே செல்ல அஞ்சும் நோயாளிகளைப் பேச்சால் மட்டும் குணப்படுத்த இயலாது, அவர்கள் தெருவில் இறங்கி அச்சத்துடன் போராடவும் செய்ய வேண்டும் என்ற கருத்தைத் தெரிவித்தார். பேச்சு வழிச் சிகிச்சையைத் தோற்றுவித்தவரே இவ்வாறு எழுதியமை குறிப்பிடத்தக்கது.

அறிவியல் முறையிலான ஆய்வுகள் அமெரிக்காவில் தொடங்கின. ஜான் பி. வாட்சனும் ரோசலி ரேனரும் 1920 இல் ஆல்பர்ட் என்று பெயரிடப்பட்ட கைக்குழந்தையிடம் ஒரு சோதனை நடத்தினர். குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். விரைவில் எலியைக் கண்டதுமே குழந்தை அழத் தொடங்கியது. உண்டாக்கிய அச்சத்தைப் போக்காமலேயே ஆய்வு முடிந்தது. இக்கால ஆய்வு நெறிமுறைகள் இத்தகைய சோதனையை அனுமதிக்கமாட்டா.

வாட்சனின் ஆலோசனையைப் பெற்ற மேரி கவர் ஜோன்ஸ் அதன் மறுபக்கத்தை ஆராய்ந்தார். அவருடைய 1924 ஆம் ஆண்டுக் கட்டுரை பீட்டர் என்ற சிறுவனைப் பற்றியது. மூன்று வயது நிரம்பாத பீட்டர், முயல், வெள்ளெலி, மென்மயிர் மேலங்கி, இறகு, பஞ்சு ஆகியவற்றைக் கண்டால் அஞ்சினான். அச்சமற்ற பிற குழந்தைகளுடன் அவனை விளையாடவிட்டு, முயலை அறைக்குள் கொண்டுவந்தனர். அச்சம் குறைந்து வந்தது. இடையில் பீட்டர் செங்காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவன்மீது பாய வந்தது. பழைய அச்சம் முழு அளவில் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மீண்டும் தொடங்கினார். பீட்டர் தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் உண்பதற்கு இடையூறு இல்லாத தொலைவில் வைத்து, நாள்தோறும் சற்றுச் சற்றாக நெருக்கமாகக் கொண்டுவந்தார். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதை அவன் அச்சமின்றி அனுமதித்தான். இடையில் வந்த அந்த நாயைப் பற்றிய செய்தி பலராலும் மறக்கப்பட்டாலும், பின்வந்த ஆய்வுகளின் ஒளியில் அதுவே இக்கட்டுரையின் மிகப் பயனுள்ள பகுதி எனலாம்.

ஜோன்சின் ஆய்வு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி, இரண்டாம் உலகப் போரின்போது படை மருத்துவராகப் பணியாற்றியவர். போரால் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு அக்காலத்துச் சிகிச்சைகள் போதிய பயன் தராததைக் கண்டு வேறு வழி தேடினார். மின்னதிர்ச்சி பெற்றுக் கூண்டுக்கு அஞ்சிய பூனைகளுக்கு, முதலில் அந்த அறையை ஒத்திராத இடங்களிலும், பின்னர் படிப்படியாக அதை ஒத்த இடங்களிலும் உணவளித்து அச்சத்தைக் குறைத்தார். இதையே மனிதர்களுக்கு ஏற்ப மாற்றி 1958 இல் நூலாக வெளியிட்டார். நோயாளி தசைகளைத் தளர்த்திக்கொண்டு, அஞ்சும் காட்சிகளை எளியதிலிருந்து கடினமானது வரை மனத்தில் கற்பனை செய்ய வேண்டும். தசைத் தளர்வுப் பயிற்சி எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கியதாகும்.

தளர்வும் அச்சமும் ஒரே நேரத்தில் உடலில் இருக்க இயலாது என்பது வோல்ப்பியின் கொள்கை. அவருடைய முறை பலன் தந்தது. ஆயினும் அதற்கு அவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை. தசைத் தளர்வு இல்லாமலும் பலன் கிடைத்தது. கற்பனையைவிட நேரில் எதிர்கொள்வது பல வெருளிகளில் மேலும் சிறந்த பலன் தந்தது. 1970களில் இலண்டனில் ஐசக் மார்க்சும் பிறரும் நேரடி எதிர்கொள்ளலை வளர்த்தெடுத்தனர்.

அதே நகரில் விக்டர் மேயர் 1966 இல் எண்ணச் சுழற்சி நோய்க்கு இம்முறையைப் பயன்படுத்தினார். அழுக்கு என்று அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, பின் கைகழுவும் சடங்கைச் செய்யாமல் இருக்க உதவினார். அதுவரை இந்நோய் சிகிச்சைக்கு ஏறத்தாழ எட்டாததாகவே கருதப்பட்டிருந்தது.

மறுபுறம், அமெரிக்க உளமருத்துவர் ஆரோன் பெக் 1960களில் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கினார். நிகழ்வைவிட அதற்கு நாம் தரும் பொருளே உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது இதன் சாரம். தொடக்கத்தில் மனச்சோர்வுக்கென உருவான இம்முறையைப் பெக் பின்னர் பதற்றத்துக்கும் விரிவாக்கினார். அவர் 2021 இல் தம் 100 ஆவது வயதில் காலமானார். இந்த இரு மரபுகளும் இணைந்ததே இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

செய்முறை

சிகிச்சையாளர் முதலில் அச்சத்தின் சுழற்சியை நோயாளியுடன் சேர்ந்து வரைந்து காட்டுவார். பின்னர் அஞ்சும் சூழல்களை ஏணிப்படிகளைப் போல வரிசைப்படுத்துவர். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 100 வரை அச்சப் புள்ளி இடப்படும். இந்த அளவுகோல் வோல்ப்பி அறிமுகப்படுத்தியது. மேற்கண்ட மாணவியின் ஏணியில், நிறுத்தத்தில் நின்று பேருந்துகளைப் பார்ப்பது 20 புள்ளியும், தோழியுடன் ஒரு நிறுத்தம் பயணிப்பது 40 புள்ளியும், தனியே செல்வது 60 புள்ளியும், மாலை நெரிசலில் கதவிலிருந்து தள்ளி நின்று கடைசி நிறுத்தம் வரை செல்வது 95 புள்ளியும் பெறலாம்.

ஒவ்வொரு படியிலும், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது முன்னரே எழுதிக்கொள்ளப்படும். பத்து நிமிடத்தில் மயங்கி விழுவேன் என்று மாணவி எழுதலாம். பயணம் முடிந்ததும் என்ன நடந்தது என்பதை அருகில் எழுதுவார். படபடப்பு வந்தது, விழவில்லை என்பது அவருடைய கையெழுத்திலேயே இருக்கும். சிகிச்சையாளர் ஆயிரம் முறை சொல்லும் ஆறுதலைவிட இந்த ஒரு வரி வலியது. தண்ணீர்ப் போத்தல், தொலைபேசி முதலிய காப்பு நடத்தைகளும் படிப்படியாகக் கைவிடப்படும்.

எளிய வெருளிகளுக்கு நீண்ட காலம் தேவைப்படுவதில்லை. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989 இல், சிலந்தி முதலியவற்றின் மீதான வெருளியை மூன்று மணி நேரத்துக்கு மேற்படாத ஒரே அமர்வில் குணப்படுத்தும் முறையை வெளியிட்டார். பீதிக் கோளாறு, சமூகப் பதற்றம் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு அமர்வுகள் வரை அல்லது சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அமர்வுகளுக்கு இடையே வீட்டில் செய்யும் பயிற்சியே இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

நோயாளியை வற்புறுத்துவதும், அறியாமல் திடீரென அச்சத்துக்குள் தள்ளுவதும் இச்சிகிச்சை ஆகாது. நீச்சல் தெரியாத சிறுவனைக் கிணற்றில் தள்ளிவிடும் வழக்கத்துடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உடலுணர்வுகளை எதிர்கொள்ளல்

பீதிக் கோளாறில் நோயாளி அஞ்சுவது பேருந்தை அன்று, தம் உடலையே. டேவிட் கிளார்க் 1986 இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். படபடப்பு வருகிறது. அது மாரடைப்பின் அறிகுறி என்று தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அந்த எண்ணம் அச்சத்தைக் கூட்டுகிறது. அச்சம் படபடப்பைக் கூட்டுகிறது. சில நிமிடங்களில் இச்சுழல் உச்சத்தை அடைகிறது.

ஆகவே அந்த உணர்வுகளையே வேண்டுமென்று உண்டாக்கிப் பார்ப்பது சிகிச்சையாகிறது. மாடிப்படிகளில் வேகமாக ஏறுதல், சுழல் நாற்காலியில் சுற்றுதல், மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியே மூச்சு விடுதல், ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியன இதற்கான பயிற்சிகளாகும். படபடப்பும் தலைச்சுற்றலும் வந்து தாமே தணிவதை நோயாளி காண்கிறார். பீதியின்போது மயங்கி விழுவது அரிது என்பதும் விளக்கப்படும். மயக்கம் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைவதால் வருவது. பீதியில் அழுத்தம் பொதுவாக உயரவே செய்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றுக்கு அஞ்சுவோரில் பலருக்கு அழுத்தம் முதலில் உயர்ந்து பின் சரிவதால் உண்மையாகவே மயக்கம் வருகிறது. இவர்களுக்குத் தசைத் தளர்வு தீங்காகலாம். மாறாக, கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை உயர்த்தும் பயிற்சியை ஓஸ்ட் வகுத்தளித்தார்.

முதன்முறை வரும் நெஞ்சு வலியையோ படபடப்பையோ பதற்றம் என்று தாமே முடிவு செய்தல் கூடாது. இதய நோய், தைராய்டுச் சுரப்பு மிகுதி முதலியனவும் இதே அறிகுறிகளைத் தரும். மருத்துவரின் சோதனைக்குப் பின்னரே இப்பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்.

பயன் தரும் காரணம்

எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986 இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, நினைவில் உள்ள அச்ச அமைப்பு முதலில் தூண்டப்பட வேண்டும். பின்னர் அதற்கு முரணான தகவல் அதில் சேர வேண்டும். அச்சம் தணியும் வரை அச்சூழலில் இருப்பது அக்காலத்தில் வலியுறுத்தப்பட்டது.

இன்று மிஷெல் கிராஸ்கேயும் பிறரும் முன்வைக்கும் விளக்கம் சற்று வேறானது. பழைய அச்ச நினைவு அழிவதில்லை. அதனருகே, இங்கு ஆபத்தில்லை என்ற புதிய நினைவு உருவாகி, பழையதுடன் போட்டியிடுகிறது. பாவ்லோவின் நாய்களிடமே இதன் சான்று உள்ளது. மணியோசைக்கு உமிழ்நீர் சுரப்பது நின்றுபோன பின்னும், சற்று இடைவெளிக்குப் பின் அது மீண்டும் தோன்றியது. புதிய கற்றல் தான் கற்ற இடத்துடன் பிணைந்திருப்பதும் விலங்காய்வுகளில் கண்டறியப்பட்டது. பீட்டரிடம் அச்சம் ஒரே நாளில் திரும்பியமைக்கும் இது பொருந்தும்.

இதிலிருந்து நடைமுறைப் பயன்கள் கிடைக்கின்றன. ஒரே பேருந்தில் ஒரே நேரத்தில் பழகுவதைவிட, வெவ்வேறு தடங்களிலும் வேளைகளிலும் பழகுவது நல்லது. அச்சம் எவ்வளவு தணிந்தது என்பதைவிட, எதிர்பார்த்த கேடு நேர்ந்ததா என்பதே முக்கியம். சில மாதங்கள் கழித்து அச்சம் திரும்பினால், சிகிச்சை வீணானது என்று கொள்ளத் தேவையில்லை. அதே பயிற்சியை மீண்டும் தொடங்கினால் போதும், பெரும்பாலும் முன்னைவிட விரைவில் பலன் கிடைக்கும்.

மருந்துகளும் இச்சிகிச்சையும்

பதற்றக் கோளாறுகளுக்கு மருந்துகளும் பலன் தருகின்றன. மனச்சோர்வு நீக்கி மருந்துகள் பல மாதங்களுக்கு அளிக்கப்படுகின்றன. அல்பிரசோலம் முதலிய பென்சோடயசிபைன் வகை மருந்துகள் விரைவில் பதற்றத்தைத் தணிப்பினும், தொடர்ந்து உட்கொண்டால் பழக்கத்துக்கு அடிமையாக்கக் கூடியவை. மேலும், பையில் உள்ள மாத்திரையே ஒரு காப்பு நடத்தையாக மாறிவிடுவதும் உண்டு. எனினும் இவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

டேவிட் பார்லோவும் பிறரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் பீதிக் கோளாறு உடைய 312 பேர் பங்கேற்றனர். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இமிப்ரமின் மருந்தும், வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. சிகிச்சைகள் அனைத்தும் நிறுத்தப்பட்ட பின், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களைவிட, மருந்தின்றி உளச்சிகிச்சை பெற்றவர்களின் நலம் கூடுதலாக நிலைத்தது. கற்றுக்கொண்டது எஞ்சி நிற்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

வரம்புகள்

இச்சிகிச்சை அனைவருக்கும் பயன் தருவதில்லை. சிலர் இடையில் விட்டுவிடுகின்றனர். சிலருக்கு ஓரளவே குறைகிறது. எதிர்காலத்தைப் பற்றிய ஓயாத கவலையாக வெளிப்படும் பொதுப் பதற்றக் கோளாறில், எதிர்கொள்ளத் தக்க ஒரு பொருளோ இடமோ தெளிவாக இருப்பதில்லை. அங்கு கவலையை ஆராய்தல், உறுதியின்மையைத் தாங்கப் பழகுதல், தசைத் தளர்வுப் பயிற்சி ஆகியன கையாளப்படுகின்றன.

உண்மையான ஆபத்து உள்ள இடத்தில் இம்முறைக்கு இடமில்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்ணின் அச்சமும், வகுப்பில் துன்புறுத்தப்படும் மாணவனின் அச்சமும் சரியான அச்சங்களே. அங்கு மாற வேண்டியது சூழல். இதை வேறுபடுத்தி அறிவது சிகிச்சையாளரின் முதற் கடமையாகும்.

மற்றொரு தடை சிகிச்சையாளர்களிடமே உள்ளது. நோயாளியை அழச் செய்துவிடுவோமோ, அவருடைய நோயை மோசமாக்கிவிடுவோமோ என்ற தயக்கத்தால், பயிற்சி பெற்றோரிலும் பலர் இம்முறையைக் கையாளாது ஆறுதல் பேச்சுடனும் மூச்சுப் பயிற்சியுடனும் நின்றுவிடுகின்றனர். சான்றுகள் மிகுந்த ஒரு சிகிச்சை குறைவாகவே பயன்படுத்தப்படுவதற்கு, அச்சத்தைக் காண அஞ்சுவதும் ஒரு காரணம் என்பது வியப்புக்குரியது.

கிடைக்கும் நிலை

இங்கிலாந்தில் 2008 இல் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம் ஒன்றின் வழியே பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இத்தகைய சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் மக்கள்தொகையை நோக்க மிகக் குறைவு. கோவாவில் விக்ரம் பட்டேலும் பிறரும் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியளிக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதற்றம், மனச்சோர்வு உடையோருக்குப் பயனுள்ள வகையில் உதவ இயலும் என்று தெரியவந்தது. இப்பற்றாக்குறைக்கு இது ஒரு வழியாகப் பேசப்படுகிறது.

தமிழகத்தில் இச்சிகிச்சையை நாடுவோர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவை அணுகலாம். சிகிச்சையாளரிடம், எதிர்கொள்ளல் பயிற்சி அளிப்பீர்களா என்று கேட்டு அறிந்துகொள்வது நன்று. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இல் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926 ஆகும்.